தம் போட்ட தேக்சாவில் ஒரு சத்தம்

என் அத்தாவுக்குப் பேய்ப்படம் என்றால் தூக்கம் வந்துவிடும். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே தூங்குவார். திரையில் ஒருத்தி தலைவிரி கோலமாகச் சுவரில் ஏறிக்கொண்டிருப்பாள். இவர் சோபாவில் சாய்ந்து குறட்டை விடுவார். அந்த மனிதரைத்தான் நான் பயமுறுத்த வேண்டியிருந்தது.

திண்டுக்கல்லில் எங்களுக்கு ஒரு பிரியாணிக் கடை இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருந்த மாமா துபாய்க்குப் போய்விட, அந்த நாற்காலி காலியானது. அத்தாவின் மூத்த மகளான நானோ படிப்பை முடித்துவிட்டு, செல்போனில் குறும்படம் எடுக்கிறேன் என்று திரிந்துகொண்டிருந்தேன். காலி நாற்காலியையும் என்னையும் சேர்த்துப் பார்க்க அத்தாவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்த பிறகு அவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"பேய்ப்படந்தான எடுக்குற? ஒண்ணே ஒண்ணு காட்டு. எனக்குப் பயம் வந்துச்சுன்னா ஒம் போக்குல போ. வரலைன்னா கல்லாவுல வந்து ஒக்காரு."

சரி என்றேன். நமக்குத் தெரியாத பேயா என்ற நினைப்பு.

என் தங்கைக்கு வெள்ளைப் புடவை கட்டி, முகத்தில் பவுடர் அப்பி, சிறுமலைக்குக் கூட்டிப்போனேன். அங்கே பாழடைந்த ஒரு வீடு, காசு கொடுக்காமல் கிடைத்த பனிமூட்டம், கிறீச்சிடும் கதவு என்று எல்லாமே இருந்தன. இறங்கும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வேஷத்தைக் கலைக்கக்கூட நேரமில்லை. பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. அதைப் பார்த்து, படம் பலித்துவிட்டது என்றே நம்பினேன்.

அத்தாவிடம் காட்டுவதற்கு முன்னால் கடை ஆட்களிடம் ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவர் வெங்காயம் வாங்க ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்த ஒரு மதியம், சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சுவரில் படத்தைப் போட்டேன். கதவு கிறீச்சிட்டது; எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கை வாயைப் பிளந்துகொண்டு வந்தாள். "சின்னப் பாப்பாவுக்குப் பசி போல" என்றார் பிரியாணி மாஸ்டர். எனக்கு அழுகை முட்டியது. கல்லா நாற்காலியின் ரெக்சின் இப்போதே முதுகில் ஒட்டுவது போலிருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. படத்தில் முக்கியமே இல்லாத ஒரு காட்சி. பேயாவதற்கு முன்னால் அந்தப் பெண் சமையற்கட்டில் நிற்கிறாள். எங்கள் கடையிலேயே எடுத்தது. அடுப்பில் தேக்சா, அதாவது பிரியாணி வேகும் பெரிய பாத்திரம், தம்மில் இருக்கிறது. மூடியின் மேல் கங்கு கனிந்துகொண்டிருக்கிறது. ஆவி பறந்தால் அழகாக இருக்கும் என்று நான்தான் மூடியைத் தூக்கச் சொல்லியிருந்தேன். அவள் தூக்கினாள்.

"ஏ புள்ள, தொறக்காத" என்று கத்திக்கொண்டே மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கப்சிப். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உள்ள வெறும் சுடுதண்ணிதான் மாஸ்டர்" என்றேன்.

"அது ஒனக்குத் தெரியும். எனக்கு மேல கங்குல்ல தெரியுது? செத்த நேரத்துல உசுரே போயிருச்சு."

தம் போட்டுவிட்டால் நேரம் ஆகும்வரை யாரும் மூடியில் கை வைக்கக் கூடாது. வைத்தால் அரிசி பாதி வெந்து நின்றுவிடும், கடை பெயர் கெடும். எங்கள் வீட்டில் தொழுகைக்கு அடுத்தபடியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட ஒழுங்கு அது. நேரம் வந்ததும் அத்தாதான் பிஸ்மில்லா சொல்லி, மூடியைத் தூக்கித் தம்மை உடைப்பார். வேறு யாரும் தொடுவதில்லை.

அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. வெள்ளைப் புடவைக்குச் சிரித்தவர்கள் ஒரு மூடிக்கு நடுங்கியிருக்கிறார்கள். அந்தப் பேய் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. எங்கிருந்தோ வாங்கி வந்த பேய், அது யாருக்கும் பழக்கமில்லை. மூடி அப்படியில்லை. அதைத் தூக்கினால் என்ன போகும் என்று பார்க்கிறவனுக்கு முன்கூட்டியே தெரியும். அது தெரிந்தால்தான் கை மூடியை நெருங்கும்போது அவன் எழுந்து நின்று கத்துவான். இருட்டு இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். இம்புட்டுதானா விஷயம் என்று எனக்கே வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. சிறுமலைப் படத்தை அன்றே அழித்துவிட்டேன்.

புதுப்படத்தில் பேயே கிடையாது. நல்ல உச்சி வெயில். கல்யாண மண்டபத்தின் பின்கட்டு. மாஸ்டரே மாஸ்டராக நடித்தார். தேக்சாவுக்குத் தம் போட்டாயிற்று, கங்கும் அள்ளிப் போட்டாயிற்று. அப்போது உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள். மெதுவாக, ஒரே ஒரு தட்டு. திறந்தால் கல்யாணச் சோறு பாழ். திறக்காவிட்டால் உள்ளே இருப்பது யார், அது என்ன ஆகும்? மண்டபத்தில் பாட்டும் சிரிப்புமாக இருக்கிறது. பின்கட்டில் இவர் மட்டும் மூடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மறுபடி ஒரு தட்டு. இலை போட்டுவிட்டார்கள். தம் உடைக்கும் நேரம் வருகிறது. மூடி எழும்புகிறது, ஆவி திரையை மூடுகிறது. அதோடு படம் முடிந்துவிடும். தட்டுகிற சத்தத்துக்காக என் தங்கை காலித் தேக்சாவுக்குள் உட்கார்ந்து மரக்கரண்டியால் தட்டினாள். அவளுடைய நடிப்பிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றும் சொல்லி வம்பிழுப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கடை ஓய்ந்த மதியத்தில் அத்தாவுக்குப் போட்டுக்காட்டினேன். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். முதல் தட்டுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதற்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். தூங்கவில்லை, ஆனால் கத்தவுமில்லை. படம் முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நல்லாத்தான் இருக்கு என்பதற்கும் பயந்துவிட்டேன் என்பதற்கும் எவ்வளவோ தூரம். பேச்சு பேச்சுதான். மறுநாள் காலை முகத்தைக் கழுவிக்கொண்டு போய்க் கல்லாவில் உட்கார்ந்தேன். அத்தா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ரெக்சின் உண்மையாகவே முதுகில் ஒட்டியது.

பதினொரு மணி வாக்கில் சமையற்கட்டிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, செத்த இங்கன வா."

போனேன். தேக்சாவின் மேல் கங்கு சாம்பல் பூத்திருந்தது. தம் உடைக்கிற நேரம். அத்தா வழக்கமாக நிற்கிற இடத்தில் இல்லை, நன்றாகத் தள்ளி நின்றார்.

"நீ தொற" என்றார்.

"நீங்கதான அத்தா எப்பவும் தொறப்பீங்க?"

"இன்னிக்கி நீ தொற."

"பயமா?"

"பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தொறன்னா தொற."

மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கங்குகளை வாரித் தள்ளி, பிஸ்மில்லா சொல்லி மூடியைத் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. அத்தா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சீரகச் சம்பா பூவாக மலர்ந்து கிடந்தது, வேறு எதுவும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

"கல்லாவுக்கு வேற ஆளு சொல்லிட்டேன்" என்றார் கரண்டியை எடுத்துக்கொண்டே. "ஆனா அடுத்த படத்துல பிரியாணிப் பக்கம் வராத புள்ள. நம்ம யாவாரம் நடக்கணும்ல."