மார்கரெட் படித்த பச்சை வளையம்

புதுப்பட்டினம் பஜாரில் ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. அங்கே பத்தொன்பது வருஷமாகக் கண் பரிசோதனை செய்கிறவள் மார்கரெட். நாற்காலியில் ஆளை உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் விளக்குப் பெட்டியைப் போட்டு, மேல் வரியிலிருந்து எழுத்துகளைப் படிக்கச் சொல்வாள். அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானியும் வருவார், வலை பழுது பார்க்கிறவரும் வருவார். இரண்டு பேருக்கும் அவள் சொல்வது ஒன்றுதான்.

"தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. குத்துமதிப்பா மட்டும் சொல்லாதீங்க."

அவளுடைய அப்பா தாவீதும் அம்மாவும் செய்யூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். அந்தக் குடும்பத்தில் பன்னிரண்டாவது முடித்த முதல் ஆள் மார்கரெட். நாற்பத்து மூன்று வயதாகிறது. இன்னும் கண்ணாடி போடவில்லை. பஸ் வளைவில் திரும்பும்போதே போர்டைப் படித்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கணவன் ஜெரோம் பள்ளி வேன் ஓட்டுகிறான். அவன் கண்ணாடி போட்டிருக்கிறான். அதைப் பற்றி வீட்டில் அதிகம் பேசுவதில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இருவரும் கடப்பாக்கத்தில் ஜெரோமின் அக்கா ஜெபா வீட்டுக்குப் போயிருந்தார்கள். பிரியாணி சாப்பிட்ட பிறகு உட்கார முடியாமல் ஜெபாவையும் கூட்டிக்கொண்டு கடலோரத்துப் பழைய கோட்டைப் பக்கம் நடந்தார்கள். முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு. அதன்மேல் நூறு, நூற்றைம்பது வெள்ளைக் கடற்காகங்கள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது புதிதில்லை. குளிர்காலம் வந்தால் அவையும் வரும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று காலைத் தூக்கித் தலையைச் சொறிந்தது. அந்தக் காலில் பச்சையாக ஏதோ இருந்தது.

"பாருங்க, அது கால்ல வளையல் போட்டுகினு கீது."

"யாரு?"

"அந்தக் கடல்காக்கா."

ஜெரோம் பார்த்தான். அவனுக்கு மணல்திட்டே வெள்ளையாகத்தான் தெரிந்தது. மார்கரெட் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், பிறகு அதற்கு மேல். புதுப் புடவை. பறவைக்கு இருபது அடி இருக்கும்போது நின்று கண்ணைச் சுருக்கினாள். பச்சை வளையத்தில் வெள்ளை எழுத்துகள், ஒன்றின் மேல் ஒன்று. X. E. X. படித்து முடித்ததும் பறவை பறந்துவிட்டது. கரைக்கு வந்து ஜெபாவின் உள்ளங்கையில் பேனாவால் அந்த மூன்று எழுத்தையும் எழுதினாள், மறந்துவிடக் கூடாது என்று.

திங்கட்கிழமை கடைக்குச் சியாமளா வந்தாள். ஆராய்ச்சி மையத்தில் வேலை, திருநெல்வேலிக்காரி, கைப்பையில் எப்போதும் பைனாகுலர் வைத்திருப்பவள். மூக்குக் கண்ணாடியின் பிடியைச் சரி செய்துகொண்டே மார்கரெட் விஷயத்தைச் சொன்னாள். சியாமளா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"மார்கரெட், அது சும்மா வளையம் இல்ல. எங்கயோ வடக்க, ஏதோ ஒரு ஏரியில குஞ்சா இருக்கும்போது புடிச்சு மாட்டியிருப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறி. அப்புறம் அது எங்க போகுதுன்னு அவங்களுக்குத் தெரியாது. வழியில நம்மள மாதிரி யாராவது பார்த்து, படிச்சு, எழுதினாத்தான் தெரியும்."

நம்மள மாதிரி. அன்று முழுக்க மார்கரெட் அந்த வார்த்தையை வாயில் மிட்டாய் மாதிரி போட்டுக்கொண்டிருந்தாள்.

வளையம் மாட்டுகிறவர்களின் முகவரியைச் சியாமளா தேடிப்பிடிக்க, இருவரும் சேர்ந்து மின்னஞ்சலில் கடிதம் அனுப்பினார்கள். நான்கு நாளில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். பச்சை வளையம் எங்களுடையதுதான், தகவலுக்கு நன்றி, ஆனால் E என்ற எழுத்தை நாங்கள் எந்த வளையத்திலும் பயன்படுத்துவதில்லை, முடிந்தால் இன்னொரு முறை பாருங்கள்.

மார்கரெட்டுக்குக் காது மடல் வரை சூடானது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அவளே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் படித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை. பிறகு எப்படி?

அடுத்த வாரம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து பன்னீர்செல்வம் என்ற படகுக்காரர் வந்தார். பள்ளிக்கூடம் போகாதவர். அப்படிப்பட்டவர்களுக்குக் கடையில் வேறு அட்டை உண்டு. எல்லாமே E தான். ஒன்றின் கால் வலப்பக்கம், ஒன்றின் கால் இடப்பக்கம், மேலே, கீழே என்று திரும்பித் திரும்பி நிற்கும். கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். பன்னீர்செல்வம் முதல் வரியிலேயே அடம் பிடித்தார்.

"இது கை காட்டறதுக்கு இன்னாம்மா கீது? எனக்கு இந்த எழுத்து தெரியும். எங்க போட்டுல பேரு எழுதிக்கீது, மாதான்னு. அதுல மொத எழுத்து இதான்."

"நைனா, அது M. இது E."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. அது நின்னுகினு கீது, இது படுத்துகினு கீது."

மார்கரெட்டின் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. அவள் அட்டையைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வளையத்தில் எழுத்தை நிமிர்த்தி எழுத இடம் ஏது? பாதத்திலிருந்து மேல்நோக்கிப் படுக்கையாகத்தானே எழுதியிருப்பார்கள்? X எப்படிப் புரண்டாலும் X தான். M படுத்தால்? அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பன்னீர்செல்வமும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தார். அவருக்கு அன்று பரிசோதனை முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று.

சியாமளாவுக்குப் போன் போட்டாள்.

"மேடம், எழுத்து படுத்துகினு இருந்துருக்கு."

புரிந்ததும் சியாமளாவும் சிரித்தாள். "அப்ப M-னு திருத்தி அனுப்பிடவா?"

"வேணா மேடம். நான் பார்த்தது E. M-னு இப்பச் சொன்னா அது குத்துமதிப்பு. மறுபடியும் பார்த்துட்டுச் சொல்றேன்."

நூறு கிலோமீட்டர் கடற்கரையில் ஒரு கடற்காகத்தை மறுபடியும் பார்ப்பதாகச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று புரிந்தது. சியாமளா தன் பழைய பைனாகுலரைக் கொடுத்தாள். வாட்ஸ்அப்பில் ஒன்பது பேர் கொண்ட தன்னார்வலர் குழுவிலும் சேர்த்துவிட்டாள். மூன்று ஞாயிறு ஜெரோமின் ஸ்கூட்டரில் கடப்பாக்கம், சதுரங்கப்பட்டினம், முட்டுக்காடு என்று சுற்றினார்கள். ஆயிரம் கால் பார்த்திருப்பாள். எல்லாம் சிவப்புக் கால், வெறும் கால்.

"ஊர்ல எல்லாம் பீச்சுக்குக் காத்து வாங்கப் போறான். நம்ம காக்கா காலைப் பார்க்கப் போய்கினு கீறோம்" என்றான் ஜெரோம். ஆனால் சனிக்கிழமை சாயங்காலமே வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வைத்துவிடுவான்.

ஜனவரி கடைசி ஞாயிறு. சபையில் பாஸ்டர் ஜெபம் செய்துகொண்டிருந்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். பெஞ்சின்மேல் மார்கரெட்டின் போன் உறுமியது. ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். மாமல்லபுரத்தில் லாட்ஜில் வரவேற்பில் இருக்கும் ஆனந்தன், குழுவில் ஒருவன், போட்டிருந்தான்: பச்சை வளையம், மீன் ஏலம் விடுற எடத்துல, இப்போ.

ஜெபம் முடிந்து பாட்டு ஆரம்பித்ததும் அவள் ஜெரோமின் முழங்கையை இடித்தாள். இருவரும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தார்கள்.

"கர்த்தர் பார்த்துகினு இருக்காரு" என்றான் ஜெரோம்.

"அதையும் அவருதான படைச்சாரு. வண்டிய எடுங்க."

இருபது நிமிஷத்தில் மாமல்லபுரம். ஆனந்தன் லாட்ஜ் சட்டையோடு மணலில் நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். வாருங்கள் என்கிறான் என்று நினைத்து ஓடினார்கள். போய்விட்டது என்று சொல்லியிருக்கிறான். ஒரு படகு வடக்கே போக, அதன் பின்னாலேயே கூட்டமாகப் பறந்துவிட்டனவாம்.

"எழுத்து பார்த்தியா?"

"ஓரத்துல ஒரு X பார்த்தங்கா. மேல பார்க்கறதுக்குள்ள எகிறிடுச்சு."

மறுபடியும் ஸ்கூட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கார்கள், இளநீர் வண்டிகள். பின்னால் உட்கார்ந்திருந்த மார்கரெட் சாலையைப் பார்க்கவே இல்லை. வானத்தைப் பார்த்து "இன்னும் வடக்க, இன்னும் வடக்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் சியாமளாவின் போன். அவள் கோவளத்தில் இருந்தாள்.

"வந்துருச்சு மார்கரெட். முகத்துவாரத்துல நாப்பது நிக்குது. பச்சையும் இருக்கு. ஆனா ஒத்தக் கால்ல நிக்குது."

"எந்தக் கால்ல?"

"வளையம் இல்லாத கால்ல."

கோவளத்தில் மூவரும் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். அறுபது அடி தள்ளி அந்தப் பறவை, வளையக் காலை வயிற்றுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு, கண்ணை மூடித் தூங்கியது. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். வந்தவர்களெல்லாம் நின்று இவர்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரோ ஒரு பையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா தொலைஞ்சி போச்சு?" என்று கேட்டுத் தேடவும் ஆரம்பித்தார். ஜெரோம் எழுந்து போய் மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்தான். மார்கரெட் பார்வையை எடுக்காமல் வாயை மட்டும் திறந்தாள், அவன் ஊட்டினான்.

நாற்பது நிமிஷம் ஆனபோது, பக்கத்தில் மீன் அறுத்துக்கொண்டிருந்த பூவாயி என்ற பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

"அத எழுப்பணுமா? அதுக்கா இவ்ளோ நேரம்?" என்று சொல்லி, யாரும் தடுப்பதற்குள் ஒரு கை நிறைய மீன் குடலை அள்ளி வீசினாள்.

நாற்பதும் ஒரே நேரத்தில் எழும்பின. வானம் முழுக்கச் சிறகும் கூச்சலும். மார்கரெட் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதம், நான்கு ஞாயிறு, பாதியில் விட்ட ஆராதனை, எல்லாம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தன. அப்போது கூட்டத்திலிருந்து ஒன்று பிரிந்து, வாயில் ஒரு துண்டுக் குடலோடு வந்து, கரையேற்றியிருந்த படகின் முனையில் உட்கார்ந்தது. பத்து அடி. இரண்டு கால். பச்சை.

மார்கரெட் பைனாகுலரைத் தூக்கவே இல்லை. தலையை இடது தோள் பக்கம் முழுக்கச் சாய்த்தாள்.

"X" என்றாள். "M." பிறகு மறுபடியும் "X."

உடனே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நீங்க படிங்க" என்று ஜெரோமைத் தள்ளினாள். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, கழுத்தை வளைத்துப் படித்தான். M. சியாமளா படித்தாள். M. மார்கரெட் பூவாயியையும் விடவில்லை.

"அக்கா, நடுவுல கீறதுக்குக் கால் எந்தப் பக்கம்?"

"தலைய சாச்சா கீழ. நேரா பார்த்தா இந்தப் பக்கம்" என்று பூவாயி கத்தியோடு கையை வலது பக்கம் நீட்டினாள். பறவை குடலை விழுங்கிவிட்டுப் பறந்துபோயிற்று.

அதன்பிறகு மார்கரெட் செய்ததைச் சியாமளா வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். சபைக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு அலைக்குள் ஓடினாள், திரும்பி ஓடி வந்தாள், பூவாயியைக் கட்டிப்பிடித்தாள், இரண்டு பேரும் சேர்ந்து சுற்றினார்கள், கத்தி எங்கே என்று பூவாயி தேடினாள். ஒற்றைச் செருப்பைக் கடல் எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் ஒரு காலில் செருப்போடு பாடிக்கொண்டே வந்தாள். ஜெரோம் ஹாரன் அடித்துத் தாளம் போட்டான்.

இந்த முறை பதில் ஒரே நாளில் வந்தது. மரியாதையெல்லாம் போய், எழுதியவரும் துள்ளிக்கொண்டு எழுதியிருந்தார். தஜிகிஸ்தானில், மலைகளுக்கு நடுவே, மரமே இல்லாத உயரத்தில் ஒரு உப்பு ஏரி. இரண்டு வருஷத்துக்கு முன் ஜூலையில், பறக்கத் தெரியாத குஞ்சாக இருந்தபோது மாட்டிய வளையம் அது. அதற்குப்பின் எந்த ஊரிலும் யார் கண்ணிலும் படவில்லை. செத்திருக்கும் என்று நினைத்தார்களாம். கூடவே ஒரு வரைபடம். மேலே ஏரி, கீழே இரண்டு புள்ளிகள், கடப்பாக்கம், கோவளம். நடுவில் நீளமாக ஒரு கோடு. பார்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

கடை முதலாளி அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். மார்கரெட் ஒப்புக்கொள்ளவில்லை, கூடப் பார்த்தவர்களின் பெயர்களையும் சேர்க்கும்வரை. எழுதிக் கேட்டு, ஆனந்தன், சியாமளா, ஜெரோம், பூவாயி என்று நான்கு பேரையும் போட வைத்தாள். பூவாயி தன் பிரதியைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மீன் கூடையிலேயே கொண்டுபோகிறாள். மீன் வாங்குகிறவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரலில் பறவைகள் கிளம்பிப் போயின. மே மாதம் பதினாறாம் தேதி மார்கரெட் வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது போனில் ஒரு கடிதம் வந்தது. X M X திரும்பிவிட்டது. பிறந்த அதே ஏரியில் கூடு கட்டியிருக்கிறது. இரண்டு முட்டை.

அவளால் அடக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் எதிரே இருந்தவரிடம் சொன்னாள். எவ்வளவு தூரம் என்று ஒருவர் கேட்டார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்றாள். வழியில் எங்கே தூங்கும் என்று இன்னொருவர் கேட்டார். அது தெரியாது, யாரும் இன்னும் பார்த்துச் சொல்லவில்லை என்றாள். அப்படியென்றால் நாங்களும் பார்க்கலாமா என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். படத்தை எல்லாரும் கை மாற்றிப் பார்த்தார்கள். ஆட்டோ அவளுடைய தெருமுனையைத் தாண்டியது, இன்னும் இரண்டு பேருடைய நிறுத்தத்தையும் தாண்டியது. யாரும் இறங்கவில்லை.

"முட்டை எப்போ பொரிக்கும்?" என்று ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டார்.

மார்கரெட் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஆட்டோவே சேர்ந்து எண்ணியது.