இரண்டு ஒழுங்கை, ஒரு ஸ்கோர் மேசை

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வடக்கு ஒழுங்கைக்கும் தெற்கு ஒழுங்கைக்கும் இடையிலான வருடாந்தக் கிரிக்கெட் போட்டி. இரண்டும் வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலை நோக்கி இறங்கும் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கைகள். ஒன்றின் பின்மதில்தான் மற்றதற்கும் பின்மதில். இங்கே மீன் பொரித்தால் அங்குள்ள பூனைக்குத் தெரிந்துவிடும். இவ்வளவு கிட்ட இருப்பதால்தான் இத்தனை பகை. தூரத்தில் இருப்பவர்களோடு யார் மினக்கெட்டுப் பகைப்பது? ஒருமுறை நகரின் மறுகோடியிலுள்ள கொட்டாஞ்சேனையிலிருந்து சிலர் வந்து தங்களோடும் ஒரு போட்டி வைக்கலாமா என்று கேட்டார்கள். இரண்டு ஒழுங்கையும் ஒரே குரலில், மரியாதையாக, மறுத்துவிட்டன.

வடக்கு ஒழுங்கையின் ஸ்கோரர் நான். இருபத்தெட்டு வருடங்களில் இருபத்தாறு போட்டிகள்; இரண்டு முறை நடக்கவில்லை. இருபத்தாறுக்கும் புத்தகங்கள் என்னிடம் இருக்கின்றன. வானிலை, நாணயச் சுழற்சி, மதியச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அவற்றின் ஓரங்களில் உண்டு. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் நடுவர் தெஹிவளையிலிருந்து சைக்கிளில் வந்து, பத்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் முதல் பந்தை வீச விட்டார். அதுவும் இருக்கிறது.

இந்த வருடம் தைப் பொங்கல் கழிந்து ஒன்பதாம் நாள் நாங்கள் வீடு மாறினோம். எங்கள் வடக்கு ஒழுங்கை வீட்டில் படுக்கையறைகள் மேல்மாடியில். மனைவியின் முழங்கால் இனிப் படி ஏறாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். லிஃப்ட் உள்ள ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடி வீடு கிடைத்தது. நல்ல காற்று, சமையலறை ஜன்னலில் கடல். ஒரே குறை, அது தெற்கு ஒழுங்கையில் இருக்கிறது.

“அதுக்கென்ன, பத்து நிமிச நடைதானே?” என்றார் மனைவி.

நான்கு நிமிடம். நடந்து பார்த்திருக்கிறேன். ஆனால் பிரச்சினை தூரமல்ல.

ஒழுங்கைக்கு ஒரு ஸ்கோரர் என்பது எங்கள் போட்டியின் வழக்கம். இருவரும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் அமர்வோம். ஒவ்வோர் ஓவர் முடிவிலும் நான் மொத்தத்தைச் சொல்வேன். தெற்கு ஒழுங்கையின் ஸ்கோரர் தன் புத்தகத்தில் விரலை ஓட்டிப் பார்த்து “ஹரி”, அதாவது சரி, என்று சிங்களத்தில் சொல்வார். அவர் சொல்லாவிட்டால் ஆட்டத்தை நிறுத்திப் பிழை எங்கே என்று தேடுவோம். அவர் காலி வீதியில் பெயின்ட் கடை வைத்திருப்பவர், முஸ்லிம், என்னைவிட இரண்டு வயது இளையவர். கடையும் குடும்பமும் பேரப்பிள்ளைகளுமாக அவருக்கு ஓய்வே இல்லை. வருடத்தில் அந்த ஒரு ஞாயிறுதான் ஏழு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் எனக்குக் கிடைப்பார். அவருடைய தந்தை மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட்டதை நான் அறிந்ததும், என் மகள் கனடா போவதை அவர் அறிந்ததும் இரண்டு ஓவர்களுக்கு நடுவில்தான். இப்போது இருவரும் ஒரே ஒழுங்கைக்காரர் ஆகிவிட்டோம். மேசையிலோ தெற்கு ஒழுங்கைக்கு ஒரே ஓர் இடம்.

‘இருபத்தாறு போட்டிக்கு எழுதியவன், வடக்கு ஒழுங்கைக்கே தொடர்ந்து எழுதட்டும்’ என்று யாராவது சொல்லியிருக்கலாம்தான். அதற்குக் குறுக்கே என் கையெழுத்தில் ஒரு விதி நின்றது.

அது ஒன்பதாவது போட்டியின்போது எழுதியது. அப்போது தெற்கு ஒழுங்கையின் வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் எங்கள் ஆட்களை வருடா வருடம் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் தன் வீட்டைத் திருத்தி முடிக்கும்வரை அவர் தெஹிவளையில் வாடகைக்குக் குடியிருந்தார். போட்டிக்கு மூன்று நாட்களுக்கு முன்பு நான்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னேன். இரண்டு ஒழுங்கையும் கூடி, போட்டி நாளில் குடியிருக்கும் ஒழுங்கைக்காகவே ஒருவர் ஆடலாம் என்று முடிவெடுத்தன. எழுதும் பொறுப்பு எனக்கு. எதையும் அரைகுறையாக எழுதுவது எனக்குப் பிடிக்காது. ‘ஆட்டக்காரர்கள்’ என்பதோடு நிறுத்தாமல் ‘நடுவருக்குத் துணை நிற்போர், ஸ்கோரர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தும்’ என்று நானாகவே சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்கள்.

போன மாதம் பெயின்ட் கடையில் நண்பரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

“மச்சான், இதுல ஒரு சொல்லத்தானே வெட்டணும். ஒன்ட பொஸ்தகம், ஒன்ட பேனை. யாருக்கு வெளங்கப் போகுது?”

“எனக்கு விளங்கும்.”

“அப்ப நீயே ஒனக்கு எதிரா சாட்சி செல்லப் போற?”

“நான் செய்த வேலைதானே.”

“அடேய், கோட்டுல கூட ஒன்ன மாதிரி ஆள நான் கண்டதில்ல” என்று சொல்லிவிட்டு, வெள்ளைப் பெயின்ட் கேட்டு வந்தவரைக் கவனிக்கப் போனார். அவர் திரும்பி வரும்வரை அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டுவது மிகவும் எளிது. பக்கத்தின் ஓரத்தில், வரி மடங்கும் இடத்தில்தான் இருந்தது.

போன பௌர்ணமி, போயா விடுமுறை தினத்தன்று, போட்டிக்கு முந்திய கூட்டம். தெற்கு ஒழுங்கையின் தலைவர் வீட்டுக் கார் கொட்டகையில் பிளாஸ்டிக் கதிரைகள், மீன் அடைத்துப் பொரித்த பற்றீஸ், பிளேன் டீ. அந்தத் தலைவர் வேறு யாருமல்ல, அந்தப் பழைய பந்து வீச்சாளர்தான். இப்போது வயிறு வைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. பந்து, மைதான வாடகை, சாப்பாடு எல்லாம் பேசி முடிந்த பிறகு நான் எழுந்து, வீடு மாறியதைச் சொல்லி, விதியை வாசித்தேன்.

“இன்னொருக்கா வாசியும்” என்றார் தலைவர்.

வாசித்தேன்.

“ஸ்கோரர் எண்ட சொல்லை ஆர் போடச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் போட்டனான்.”

“ஏன்?”

“முழுமையா இருக்கவேணும் எண்டு.”

அவர் சிரித்த சிரிப்பில் தேநீர் கோப்பையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார். “பதினெட்டு வருசமாப் பாத்துக்கொண்டு இருந்தனான் ஐசே, உம்மை எப்ப கிளீன் போல்ட் ஆக்குறது எண்டு. நீராவே விக்கெட்டை இடிச்சுப்போட்டு வந்து நிக்கிறீர்!”

கொட்டகை முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிக்காமல் சொன்னார்: “எட்டு மாதம் தெஹிவளையில இருந்தனான். அந்த மட்ச்சை எல்லைக் கோட்டுக்கு வெளியால நிண்டு பாத்தனான். நீங்கள் ஆறு ரன்னால வெண்டனீங்கள். இப்ப உமக்காக விதியை விட்டால், அண்டைக்கு நான் வெளியில நிண்டது சும்மாவோ?”

அவர் சொன்னது நியாயம். வடக்கு ஒழுங்கையின் கப்டன், இளம் பல்வைத்தியர், சங்கடத்தோடு என்னைப் பார்த்து, “ஒண்டும் யோசிக்காதேங்கோ அங்கிள், என்ர தங்கச்சி போன்ல ஸ்கோர் அப் போட்டு எழுதுவாள்” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். இருபத்தாறு புத்தகங்களின் இடத்தில் ஒரு போன்.

அப்போது என் நண்பர் கையை உயர்த்தினார். “அப்ப என்ட பேரயும் வெட்டுங்க.”

“உமக்கென்ன விசரோ?” என்றார் தலைவர். “உம்மைப் போகச் சொல்லி ஆர் சொன்னது? நீர் எங்கட ஆள்.”

“அவரும் இப்ப ஒங்கட ஆள்தான். ரெண்டு பேர்ல ஒராள்தானே இருக்கேலும்? பக்கத்துல வேறாள் இருந்தா எனக்கு கூட்டல் வராது. ஒங்கட பக்கத்துக்கும் ஒரு போனப் புடிங்க.”

தலைவர் கெஞ்சினார், கோபித்தார், கடைசியில் “இந்த ஸ்கோரர்மாரோட பேசி வெல்லேலாது” என்று இன்னொரு பற்றீஸை எடுத்தார். நண்பர் அசையவில்லை.

வீடு திரும்பும் வழியில் நான் அவரோடு சண்டை பிடித்தேன். விதி என்னுடையது, பிழை என்னுடையது, நீ எதற்கு உன் இடத்தை விட்டாய் என்று.

அவர் கடற்காற்றுக்குத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். “பல்வைத்தியர்ட வாப்பா ஓடிப் போய்ப் புடிச்ச கெட்ச், எல்லாரும் இன்னம் கதைக்கிறாங்களே, நீ கண்டியா?”

யோசித்துப் பார்த்தேன். பதினான்காவது போட்டி, மதியச் சாப்பாட்டுக்குப் பின் மூன்றாவது ஓவர். யார் வீசியது, யார் ஆட்டமிழந்தது, மொத்தம் எத்தனை, எல்லாம் சொல்வேன். பல்வைத்தியரின் தந்தை பிடித்த அந்தப் பிடியை மட்டும் காணவில்லை. அந்த நேரம் நாங்கள் இருவரும் தலையைக் குனிந்து, கூட்டலில் விடுபட்ட ஒரு லெக் பை ஓட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

“நானும் காணல்ல” என்றார். “எத்தின கெட்ச் அப்பிடிப் போயிருக்கும்? கண் நல்லா ஈக்கிற காலத்துல ஒரு மட்ச்சயாச்சும் பாப்பம். நீ இல்லாம எனக்கு அந்த மேசை வேணாம், செல்லிட்டன்.”

கடைசி வாக்கியத்தைக் கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். நானும் கடலைப் பார்த்துக்கொண்டு “சரி” என்றேன்.

நேற்றுப் பின்னேரம் இருவரும் முச்சக்கர வண்டியில் ஹெவ்லொக் டவுன் பக்கமுள்ள மைதானத்துக்குப் போனோம். மேசை போடும் இடம் கண்ணை மூடினாலும் தெரியும். பார்வையாளர் எங்கே இருப்பார்கள், பத்து மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதுதான் தெரியாது. மேற்குப் பக்கம் ஒரு வேப்பமரம் இருக்கிறது. இத்தனை வருடமும் அது எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். அதன் கீழ் நின்று பார்த்தால் இரண்டு பக்க விக்கெட்டும் நன்றாகத் தெரிகிறது.

புல் வெட்டிக்கொண்டிருந்த மைதானக் காவலாளி எங்களைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வழமைபோல் ஸ்கோர் மேசைக்கு இரண்டு கதிரையும் ஒரு குடையும்தானே என்று சிங்களத்தில் கேட்டார்.

இந்த முறை நாங்கள் பார்க்க மட்டும் வருகிறோம் என்று நண்பர் சொன்னார்.

காவலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பார்க்க வருகிறவர்களுக்கு மைதானத்தில் கதிரை கொடுப்பதில்லை, வேண்டுமென்றால் நீங்களே கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடியும் இயந்திரத்தை முடுக்கினார்.

“கடையில ரெண்டு கதிர ஈக்கி” என்றார் நண்பர், சத்தத்துக்கு மேலால். “ஆனா ஒண்டுக்குக் கால் ஆடும்.”

“அது எனக்கு” என்றேன்.