வெர்னெல் சொன்னதில் பாதி

ஒஹையோவில் ஏரிக்கரையை ஒட்டிய அந்த நகரத்தில், ஃபுட்பால் ஆட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்துக்கும் டீம் ஜெர்சி போட்டுக்கொண்டுதான் வருவார்கள். போதகரே அங்கிக்குள் ஜெர்சி போட்டிருப்பார். ஆட்டம் தொடங்குமுன் பிரசங்கத்தை முடித்துவிடுவார். கர்த்தர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வெர்னெல் ஹட்சின்ஸும் அப்படித்தான் போவாள். பள்ளிக்கூடச் சமையலறையில் உழைத்து ஓய்ந்தவள். கணவன் ராஸ்கோவுக்குச் சர்க்கரை நோயில் இரண்டு காலும் போயிருந்தன. அவனுடைய சக்கர நாற்காலி ஏறி இறங்க, ஆலயத்துச் சகோதரர்கள் வாசலில் சரிவாகப் பலகை அடித்துக் கொடுத்திருந்தார்கள்.

அந்த வீட்டைத்தான் இடிக்கப் பார்த்தார்கள். புது ஸ்டேடியம் கிடைக்காவிட்டால் டீமை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று அதன் முதலாளி மிரட்டினார். தேர்தல் நெருங்கியதால் மேயர் பயந்துபோய், வெர்னெல் குடியிருந்த தெருவையே ஸ்டேடியத்துக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை நகரசபையில் ஓட்டெடுப்பு.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தவளிடம் டிவி செய்தியாளர் மைக்கை நீட்டினார்.

"டீம் போயிடுமோன்னு பயமா இருக்காம்மா?"

"டீம் இல்லாம இந்த ஊரு ஏது தம்பி? இவங்க தோக்கறதைப் பார்த்து அழுதே வளர்ந்தவ நான். போகக் கூடாது. அதுக்காக என் வீட்டை இடிக்கணுமா? கால் இல்லாத மனுசனைத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

சாயங்காலச் செய்தியில் "போகக் கூடாது" என்பதோடு அவள் பேச்சு நின்றுவிட்டது. ஜெர்சி போட்ட அவள் படத்துக்குக் கீழே, 'ஸ்டேடியத்துக்குத் தெருக்காரர்களே ஆதரவு' என்று எழுத்து ஓடியது.

பக்கத்து வீட்டு எல்ராய் வேலியோரம் வந்து நின்றான்.

"என்ன சிஸ்டர், மேயர் முன்வரிசை டிக்கெட் குடுத்தாரா? பாப்கார்னும் உண்டா?"

"மிச்சத்தை வெட்டிட்டாங்க எல்ராய். சத்தியமா."

"அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டா போய் நியாயம் கேப்பாங்க?"

அவனும் அதே ஜெர்சியில்தான் நின்றிருந்தான்.

டிவி நிலையத்துக்குப் போன் போட்டாள். சொல்ல வேண்டியதைப் பதிவு செய்யும்படி இயந்திரம் சொன்னது. அழுதுகொண்டே பேசிவைத்தாள். யாரும் திருப்பிக் கூப்பிடவில்லை.

மறுநாள் நகரசபையில் பேச அவளுக்கும் முறை வந்தது.

"நேத்து நான் சொன்னதுல பாதிதான் டிவில வந்துச்சு ஐயா. எனக்கு ஸ்டேடியம் வேண்டாம்."

அவள் வட்டாரத்து உறுப்பினர் பிரெண்டிஸ் கனிவாகச் சிரித்தார். "ஊரே உங்களைப் பார்த்துச்சும்மா. குழம்பிக் கிடந்த நானே உங்க முகத்தைப் பார்த்துத்தான் முடிவு எடுத்தேன். இப்ப யாரோ உங்க மனசைக் கலைச்சிருக்காங்க."

"யாரும் கலைக்கல ஐயா. எனக்கு என் வீடு..."

நேரம் முடிந்ததென்று மைக்கை அணைத்தார்கள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பின்னாலிருந்த ஜெர்சிக் கூட்டம், அவள் சொன்னதைக் காதில் வாங்காமல், டிவியில் பார்த்த முகம் தங்கள் பக்கம் என்றே நினைத்துக் கைதட்டியது. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. அந்த ஓட்டு பிரெண்டிஸுடையது.

வீட்டில் ராஸ்கோ, நகரசபைக் கூட்டத்தைக் காட்டிய டிவியை அணைக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"பார்த்தேன்" என்றான். "உன்னைக் குத்தம் சொல்லல வெர்னெல். எங்க போறதுன்னு மட்டும் சொல்லு."

அவன் நாற்காலிப் பக்கத்தில் முழங்காலிட்டாள். எந்த ஜெபத்தையும் அவள் நன்றி சொல்லித்தான் தொடங்குவாள். அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. "கர்த்தாவே, எங்க போறது?" என்றாள்.