விலாவில் வரைந்த சிங்கம்

அக்கி ஆறிப் பல வாரமாகியும் என் வலது விலாவில் எரிச்சல் மட்டும் போகவில்லை. கொப்புளம் இல்லை, புண் இல்லை. ரவிக்கைத் துணி உரசினாலே உயிர் போய் உயிர் வரும். என் மகள் அந்தப் பக்கம் சாய்ந்து பால் குடித்தே பழகியவள். அவளை மறுபடி அங்கே அணைத்துக்கொள்ள வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கில்லை.

பால் கொடுப்பதால் மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். பஞ்சு, மெல்லிய துணி, பிறகு டவல் என்று தினமும் தடவித் தோலைப் பழக்கச் சொன்னார். எங்கள் பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீட்டில் மாமியாருக்கு அதுவே போதுமான சாக்காக இருந்தது.

"டாக்டரே கைய விரிச்சிட்டாரு. நரம்புல அக்கி நிக்குது. எழுதிடலாம்."

எழுதுவது என்றால் காவி மண்ணைக் குழைத்து உடம்பில் சிங்கம் வரைவது. புண்ணே இல்லாத தோலில்! மாமியார் கூட்டிவந்த ஆள் வரைந்து முடித்து, வெற்றிலை வாயோடு ஊதினார். எச்சில் தெறித்தது. சீ! அதைச் சுற்றி மாமியார் பூண்டு போட்டுக் காய்ச்சிய வேப்பெண்ணெயைத் தடவினார்.

"தண்ணி படக் கூடாது. தானா உதிரணும்."

கீழ்வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "அக்கிய நாங்க சர்ப்பசுத்துன்னு சொல்வோம்மா. உடம்பச் சுத்துற பாம்போட தலையும் வாலும் சேந்தா உயிரு அவ்ளோதான்" என்று நல்வாக்குச் சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார். என் கணவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மகாராஜா!

வியர்வை, எண்ணெய், காய்ந்த பால், மண். என் நாற்றம் எனக்கே குமட்டியது. எலெக்ட்ரானிக் சிட்டி போகும் கம்பெனி கேபில் பக்கத்துப் பெண் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். கூசிப்போனேன்.

அன்று சாயங்காலம் மகளைத் தூக்கினேன். முகர்ந்தாள். "ச்சீ" என்று என்னைத் தள்ளிவிட்டு மாமியாரிடம் ஓடினாள்.

"பாத்தியா, என்கிட்டதான் வருது" என்று அவர் சிரித்தார்.

வந்ததே எனக்கு ஆத்திரம்! குளியலறைக்குள் போய்ச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். சிங்கம் சிவப்பாகக் கரைந்து ஓடியது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் கத்தத் தோன்றியது.

மாமியார் கதவைத் தட்டினார். "கழுவாதம்மா, அக்கி உள்ள எறங்கிடும்!"

"எறங்கட்டும் அத்த."

ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தேன். மகள் தயங்கி நின்று மறுபடி முகர்ந்தாள். பிறகு மடியில் ஏறி, பழக்கப்பட்ட வலது பக்கமே சாய்ந்தாள். விலா பற்றி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவளை இன்னும் இறுக்கினேன்.

"வலிக்கலையா?" என்றார் மாமியார்.

"வலிக்குது அத்த. நீங்க போய் அந்த எண்ணெக் கிண்ணத்தக் கழுவுங்க."