ரிசார்ட் மேனேஜர் கேட்ட கேள்வி

சித்தூருக்குப் பக்கத்தில் நான் பாடம் நடத்தும் தனியார் கல்லூரிக்குப் புதிதாக வந்த டைரக்டர், அதுவரை தேவிகுளம் பக்கம் ரிசார்ட் மேனேஜராக இருந்தவர். முதல் கூட்டத்திலேயே மாணவர்களை ‘கெஸ்ட்’ என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் ஒரு மாணவி படிப்பைப் பாதியில் விட்டுப் போனாள். வழக்கம்போல் பெயரை நீக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். அவர் ஆசிரியர் அறைக்கே வந்து நின்றார்.

“அந்தப் புள்ள ஏன் சார் போச்சு? எங்க ரிசார்ட்ல ஒருத்தர் பாதியில ரூமைக் காலி பண்ணுனா, என்ன குறைன்னு கேக்காம அனுப்ப மாட்டோம்.”

‘இது ஓட்டல் இல்லைங்க’ என்று சொல்ல வாயெடுத்தேன். அவளிடம் நாங்கள் யாருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்றும் அவர்மேல்தான் எனக்குக் கோபம். எதற்கென்றுதான் விளங்கவில்லை.