கடைசி அடைப்புக்குறி வரை

போன கிழமை காணொளிக் கூட்டமொன்றில் இரண்டு இளைஞர்கள் சண்டை பிடித்தார்கள். புதிய நிரல்மொழி ஒன்றில் சொற்களைத் தேடும் வாய்பாட்டை எப்படி அமைப்பது என்று. 'இதிலிருந்து அதுவரை ஏதாவது' என்று எழுதினால் கணினி கடைசி 'அது' வரை ஆகக்கூடியதை அள்ளவேண்டுமா, முதல் 'அது'வோடு நின்று ஆகக்குறைந்ததையா? "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ" என்றார்கள். இணைப்புச் சரியில்லை என்று பொய் சொல்லி வெளியேறினேன்.

நீங்கள் சிரிக்கலாம். இளவயதில் கோப்பாயில், சைக்கிள் கடைக்கு மேலிருந்த அறையில் நாங்களும் இதையே கதைத்திருக்கிறோம். ரியூப் ஒட்டும் பசையின் மணம் படியேறி வரும். யசோதாவும் நானும் தமிழில் ஒரு நிரல்மொழி செய்துகொண்டிருந்தோம். உலகமே அதற்காகக் காத்திருக்கிறது என்ற நினைப்பு எனக்கு.

"அவசரத்திலை எழுதிறவன் பிழை விடுவான். அழிஞ்சாலும் குறைய அழியட்டும்" என்றாள் யசோதா.

"உமக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றேன். எனக்கு வாய் நீளம், வென்றுவிட்டேன். எங்கள் மொழி ஆகக்கூடியதை அள்ளும் என்று முடிவாயிற்று.

அந்த மாதமே, இடம்பெயர்ந்த கரையோரக் குடும்பங்கள் இராணுவம் மூடிவைத்திருந்த தங்கள் ஊர்களுக்குள் ஒருநாள் போய் வீடுகளைப் பார்த்துவர அனுமதி கிடைத்தது. பெயர்ப்பட்டியலைத் துப்புரவாக்கும் வேலை பிரதேச செயலகத்திலிருந்து எங்களிடம் வந்தது. ஊருக்கு ஒரு நீளப் பந்தி. கரையோரத்தில் பதிவுப் பெயரை யார் அறிவார்? ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பட்டப்பெயர். அவற்றை நீக்கச் சொன்னார்கள். அடைப்புக்குறி திறக்கிறது, ஏதாவது, அடைப்புக்குறி மூடுகிறது, இதை அழி. ஒரே வரி எழுதினேன். பெருமையில், திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பினேன். கணினியோ ஒவ்வொரு பந்தியிலும் முதல் திறப்பிலிருந்து கடைசி மூடல் வரை, நடுவிலிருந்த அத்தனை பேரையும் அள்ளிவிட்டது.

மறுநாள் காலை இராணுவத் தடைவாசலில் அதிகாரி ஐந்து பெயர்களை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். ஐந்து ஊர், ஊருக்கு முதல் பெயர் ஒன்று. என்ன நடந்ததென்று எனக்கு அந்தக் கணமே விளங்கியது. சனத்துக்குத் தெரிந்தால் என்ன செய்வார்கள் என்பதுதான் முதலில் வந்த பயம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பக்கத்தில், பட்டியலில் இருந்திருக்கவேண்டிய மகேஸ்வரி அக்கா, வீடு கூட்டவென்று தும்புத்தடியோடு நின்றார்.

"தம்பி, என்ரை பேர் வாசிச்சவையே? எனக்குக் காது மந்தம்."

"இன்னும் இல்லை அக்கா."

மத்தியானம் வரை வெயிலில் நின்றார். நானும் பக்கத்திலேயே நின்றேன்.

அடுத்த அனுமதி வர நாலு வருடம் ஆயிற்று. அதற்குள் அந்த அறை இல்லை, எங்கள் மொழியும் இல்லை, யசோதா கனடா போய்விட்டாள். அக்காவோடு நானும் போனேன். வீட்டு வளவில் கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது.

"அண்டைக்கு உள்ளை விட்டிருந்தால் வீட்டைக் கண்டிருப்பனோ தம்பி?"

"தெரியாது அக்கா" என்றேன்.

எனக்குத் தெரியும். அன்று உள்ளே போன ஐவரில் ஒருவர் சொல்லியிருந்தார், அக்கா வீடு அப்போது நின்றதாம், கதவும் பூட்டியபடியே இருந்ததாம்.