கீழே ஒரு வருஷம்

1998 ஜூலை, ஞாயிறு. பங்காரப்பேட்டையில் மாறி ஏறிய மாரிக்குப்பம் ரயில், காலை ஒன்பதரைக்கு 'கோரமண்டல்' என்ற பலகைக்கு எதிரே நின்றது. எனக்குத் தலை சுற்றியது. கோரமண்டல் கடற்கரையிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்தவன் நான்; கடலே இல்லாத கோலார் தங்கவயலில் அந்தப் பெயருக்கு என்ன வேலை?

"அது பழைய மைன் பேரு சார்," என்றார் எதிர் சீட்டுக்காரர். "இன்னா, கடலத் தேடிக்கினு வந்தீங்களா?"

ஒரு விதத்தில் ஆமாம். சென்னையில் எங்கள் கடல் ஆய்வுக் கப்பலில் புதிதாகச் சேர்ந்த குமாரை, அவன் அம்மா அனுப்ப மறுக்கிறார். வியாழனன்று கப்பல் கிளம்புகிறது. அம்மா சரி சொல்லாமல் வரமாட்டேன் என்று அவன் இங்கே ஆண்டர்சன்பேட்டை வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். பேசிச் சரிக்கட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சாம்பியன் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய். வழியெல்லாம் சுரங்கத்திலிருந்து கொட்டிய சாம்பல் நிற மண்மேடுகள்.

குமாரின் அம்மா மரகதம் "வாங்க சார்" என்றார், டீ கொடுத்தார்; முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். கடலின் மேலே மட்டுமல்ல, இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலும் கரண்ட் உண்டு. பருவக்காற்று திசை மாறினால் அதுவும் மாறலாம். போன வருஷம் மாதிரி எல் நினோ வந்தால் வேறு விதமாகலாம். ஏன், எப்படி என்று எங்களுக்கே குழப்பம்.

"தண்ணிக்குள்ள கரண்டா?" திடுக்கிட்டார். "ஷாக் அடிக்காதா?"

மின்சாரம் இல்லை, நீரோட்டம் என்று திருத்தினேன். அவர் முகம் தெளியவில்லை. என்ன தப்பாகச் சொன்னேன் என்று எனக்குப் புரியவேயில்லை. "எல்லா சீசனும் பாக்கணும் இல்லையாம்மா? அதனாலதான் ஒரு வருஷம் கீழேயே விட்டு வைக்கிறோம்," என்றேன்.

டம்ளரை நங்கென்று வைத்தார். "அதத்தான் சார் இவனும் சொன்னான்! இவுங்க அப்பா ஒரு ஷிப்டுக்குத்தான் கீழ போனாரு. பாறை வெடிச்சி, பொணமாத்தான் கேஜ்ல மேல வந்தாரு. நீங்க இன்னாடான்னா ஒரு வருஷம் கீழயே வெப்போம்ன்றீங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் கீழே என்றால் சுரங்கம். கூண்டில் ஏறி அங்கே இறங்குவது ஆள்தான்.

குமார் தலையில் அடித்துக்கொண்டான். "மா, நான் இல்லமா! மிஷின்மா! இதுக்கா மூணு நாளா அழுதுகினு கீற?"

அவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டார்: "ஆளே எறங்க மாட்டாங்களா?"

"இல்லம்மா. ஓட்டத்த அளக்குற கருவியக் கயித்துல கட்டி எறக்கிட்டு வந்துடுவோம். நாங்க மேல கப்பல்லதான். அடுத்த வருஷம் போய் எடுப்போம்."

"கயிறு அறுந்தா?"

"கருவி போயிடும்."

"யாரு வூட்டுக்குச் சொல்லி அனுப்புவீங்க?"

"யாருக்கும் வேண்டாம்மா. ஆபீஸ்ல எனக்குத்தான் திட்டு விழும்."

சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "அப்ப கூட்டிக்கினு போங்க," என்று அடுப்படிக்குள் போய்விட்டார்.

மாலை ரயில் மறுபடி கோரமண்டலில் நின்றது. எதிரே குமார், மடியில் அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலம். ஆழத்து நீரோட்டம் ஏன் மாறுகிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. கருவி மேலே வராத நாளில் எங்கள் கப்பலே இழவு வீடு மாதிரி இருக்கும் என்று அவனிடம் பெருமையாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.